வீதிக் கோடு: லீற்றர் விலையும் உண்மை விலையும்

பெயின்ட் விற்கும் எந்தக் கடைக்கும் வருடத்தில் சில தடவைகள் இப்படியொரு வாடிக்கையாளர் வருவார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருப்பார். பள்ளிவாசல் வளவில் வாகனம் நிறுத்தக் கோடு போட வந்த நிர்வாக சபை உறுப்பினராக இருப்பார். அல்லது பிரதேச சபையில் சிறு வேலைகளை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரராக இருப்பார். மூவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "வீதிக்குப் போடுற வெள்ளைப் பெயின்ட் லீற்றர் என்ன விலை?"

சாமான் வாங்க வந்தவர் விலை கேட்பது நியாயமே. ஆனால் வீதிக் கோட்டைப் பொறுத்தவரை லீற்றர் விலையை மட்டும் வைத்துத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் நட்டப்படுகிறார். அவர் வாங்குவது பெயின்டையல்ல, இரவிலும் மழையிலும் சாரதியின் கண்ணுக்குத் தெரிகின்ற ஒரு கோட்டை. அந்தக் கோடு எத்தனை மாதம் தெரியும் என்பதில்தான் அதன் விலை அடங்கியிருக்கிறது. இதில் பணம் மட்டுமா சம்பந்தப்பட்டிருக்கிறது? நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் கணிசமானோர் பாதசாரிகள். மாலை நேர வகுப்பு முடிந்து மழையில் வீதியைக் கடக்கும் பிள்ளையும், சுபஹுத் தொழுகைக்கு இருட்டோடு புறப்படும் முதியவரும் நம்பி நடப்பது இந்தக் கோட்டைத்தான்.

ஆகவே இந்த வாரம் இந்தச் சாமானைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பயன்படும்.

வாளிக்குள் என்ன இருக்கிறது?

வீதிப் பெயின்ட் எந்தக் கம்பனியினதாக இருந்தாலும் அதில் நான்கு முக்கிய பங்குகள் உண்டு.

முதலாவது பிணைப்புப் பொருள், அதாவது ரெசின். இதுதான் மற்றவற்றை ஒன்றாகப் பிடித்து வீதியோடு ஒட்டவைப்பது. பழைய காலத்தில் அல்கைட் ரெசின் அதிகம் பாவிக்கப்பட்டது. அதனோடு குளோரினேற்றப்பட்ட இறப்பர் கலந்தால் விரைவாகக் காயும், நீரையும் தாங்கும். பின்னர் அக்ரிலிக் ரெசின் வந்தது.

இரண்டாவது நிறப்பொருள். வெள்ளைக்கு டைட்டானியம் டயொக்சைட்டுக்கு நிகரானது இன்றுவரை இல்லை. கரிய வீதியை மூடி மறைக்கும் சக்தி அதற்கே உண்டு. வாளிக்குள் இருப்பவற்றில் விலை கூடியவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே மலிவாகச் செய்ய நினைப்பவர் முதலில் கை வைப்பதும் இதில்தான்.

மூன்றாவது நிரப்புப் பொருள். கல்சியம் காபனேற்று, டோல்க், சிலிக்கா போன்ற கற்தூள்கள் இவை. இவற்றைக் கலப்படம் என்று நினைத்துவிடக் கூடாது. டயர் தேய்ப்பைத் தாங்குவதற்கும் தேவையான தடிப்பைக் கொடுப்பதற்கும் இவை அவசியம். ஆனால் ரெசினையும் டைட்டானியத்தையும் குறைத்துவிட்டுத் தூளால் வாளியை நிரப்பினால், காய்ந்த பின் விரலால் தேய்க்கும்போதே சுண்ணாம்பு போல உதிரும்.

நான்காவது கரைப்பான். டொலுயீன் போன்ற திரவங்கள், அல்லது நீர் வகையில் தண்ணீர். பெயின்டைப் பூசக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே இதன் வேலை. பூசியதும் காற்றோடு போய்விடும். வீதியில் எஞ்சுவது முதல் மூன்றும்தான். நாம் லீற்றர் கணக்கில் பணம் கொடுப்பதோ நான்கிற்கும் சேர்த்து.

தண்ணீர் வகை என்றதும் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்று சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் வேறு. 1980களில் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் கம்பனி விரைவாகக் காயும் அக்ரிலிக் வகையை உருவாக்கியது. அதிலுள்ள அமோனியா ஆவியாகும்போது ரெசின் சடுதியாக இறுகிவிடும். நல்ல வெயிலிலும் காற்றிலும் சில நிமிடங்களில் வாகனத்தை விடலாம். காற்றில் ஈரப்பதம் கூடிய நேரத்தில் மட்டும் இது தாமதிக்கும். சுவர் எமல்ஷனுக்கு டயரைத் தாங்கும் பலம் கிடையாது. எனாமல் பெயின்டும் இதற்குப் பொருந்தாது. காய்வதற்கு மணிக்கணக்கு எடுக்கும், மழையில் வழுக்கவும் செய்யும்.

புல்மோட்டை மணலும் வாளியின் விலையும்

டைட்டானியம் பற்றிப் பேசும்போது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அந்த உலோகத்தின் மூலப்பொருள் நமது புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் போன்ற கனியங்கள் உண்டு. 1957இல் தொடங்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனம் இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கிருந்து கனிய மணல் கப்பலேறுகிறது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் இத்தகைய மணல் கந்தக அமிலத்தாலோ குளோரினாலோ பதப்படுத்தப்பட்டு வெண்ணிறத் தூளாகிறது. நமது பெயின்ட் உற்பத்தியாளர்கள் அந்தத் தூளை டொலர் கொடுத்து இறக்குமதி செய்கின்றனர்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நிறப்பொருளும் ரெசினும் கரைப்பானும் வெளியிலிருந்து வருவதால் வீதிப் பெயின்டின் விலையும் கூடவே ஏறியது. இப்படியான காலத்தில் உற்பத்தியாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலையைக் கூட்டுவது. மற்றது, விலையை அப்படியே வைத்துக்கொண்டு வாளிக்குள் இருப்பதைக் குறைப்பது. லீற்றர் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது.

ஒரு லீற்றர் எவ்வளவு தூரம் போகும்?

இனி ஒரு சிறு கணக்கு. கோட்டின் அகலம் 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஈரப் பெயின்டின் தடிப்பு வழமையாக 0.38 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 26 மீற்றர் நீளம் கோடு போடலாம். ஒரு கிலோமீற்றர் தொடர் கோட்டுக்கு 38 லீற்றர் வேண்டும்.

பெயின்டின் கனவளவில் சரிபாதி திண்மப் பொருள் என்றால், காய்ந்த பின் வீதியில் இருக்கும் தடிப்பு 0.19 மில்லிமீற்றர். இப்போது 4 லீற்றர் பெயின்டுக்கு 1 லீற்றர் தின்னர் ஊற்றிக் கலக்கினால் என்ன நடக்கும்? திண்மப் பங்கு 50 வீதத்திலிருந்து 40 வீதமாகக் குறையும். அதே ஈரத் தடிப்பில் பூசினாலும் காய்ந்த தடிப்பு 0.15 மில்லிமீற்றருக்கு இறங்கிவிடும். தண்ணீர் போல ஓடும் பெயின்டை ஈரத் தடிப்பிலும் மெலிதாக இழுத்துவிடுவதே வழக்கம். போட்ட அன்று இரண்டு கோடும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவதற்கு ஒரு மழைக்காலம் போதும்.

ஆகவே வாங்கும்போது லீற்றர் விலையோடு "கனவளவில் திண்மப் பொருள் எத்தனை வீதம்?" என்றும் கேட்க வேண்டும். தரமான எந்தத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளிலும் இந்த எண் இருக்கும். தாளே கிடையாது என்றால் அந்தச் சாமானை விட்டுவிடுவது நல்லது.

இரவில் தெரிவதன் இரகசியம்

பகலில் கோடு தெரிவதற்கு வெள்ளை நிறம் போதும். இரவில் அது போதாது. வாகனத்தின் வெளிச்சம் வெறும் பெயின்டில் பட்டதும் நாலாபுறமும் சிதறிவிடும், சாரதியின் கண்ணுக்குத் திரும்பி வருவது சொற்பமே. அதற்காகவே ஈரப் பெயின்டின் மீது சிறு கண்ணாடி மணிகளைத் தூவுகின்றனர். வெளிச்சம் மணிக்குள் புகுந்து, வளைந்து, அடியிலுள்ள பெயின்டில் பட்டு, வந்த வழியே திரும்பிச் சாரதியிடம் செல்கிறது.

இந்த மணிகள் பெரும்பாலும் பழைய ஜன்னல் கண்ணாடியை உருக்கிச் செய்யப்படுகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் சீனியைப் போல இருக்கும். மணி உருண்டையாக இருக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மணியின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலாகப் பெயின்டுக்குள் பதிந்திருக்க வேண்டும், அதாவது 50 முதல் 60 வீதம். அதிகம் மூழ்கினால் வெளிச்சம் புகாது, குறைவாகப் பதிந்தால் டயர் பிடுங்கிவிடும். இங்கும் தடிப்புக் கணக்கே முன்னே வருகிறது. தின்னர் ஊற்றிய மெல்லிய பெயின்டில் மணிக்குப் பதிவதற்கு இடம் இல்லை.

அமெரிக்காவில் நீண்டகாலமாக நடைமுறையில் இருக்கும் அளவு ஒரு கலன் பெயின்டுக்கு 6 இறாத்தல் மணி. நமது கணக்கில் லீற்றருக்கு 720 கிராம் அளவில் வரும். மேலே சொன்ன ஒரு கிலோமீற்றர் கோட்டுக்கு 27 கிலோ மணி தேவை. பெயின்ட் வாங்கிய பற்றுச்சீட்டு மட்டும் இருந்து மணி வாங்கிய பற்றுச்சீட்டு இல்லையென்றால், அந்தக் கோடு இரவில் வேலை செய்யப் போவதில்லை என்று துணிந்து சொல்லலாம்.

திரும்பி வரும் வெளிச்சத்தை அளப்பதற்குக் கருவியும் உண்டு. 2022 ஓகஸ்டில் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இதற்கென ஒரு விதியை வெளியிட்டது. வேக எல்லை மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் உள்ள வீதிகளில் கோடுகள் குறைந்தது 50 மில்லிகண்டெலா என்ற அளவில் வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது அந்த விதி. இத்தனை ஆண்டுகள் கோடு போட்ட நாடே, கோடு இருந்தால் மட்டும் போதாது, அது இரவில் தெரிகிறதா என்று அளக்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்திருக்கிறது.

மழை நேரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நீர்ப்படலம் மணிகளை மூடிவிட்டால் அவற்றின் வேலை நின்றுவிடும். அதற்காகப் பெரிய மணிகளைப் பாவிப்பதும், கோட்டை மேடு பள்ளமாகப் போடுவதும் உண்டு. பருவ மழை கொட்டும் நம் நாட்டுக்கு இது கவனிக்க வேண்டிய விடயம்.

உருக்கி ஊற்றும் கோடு

பெயின்டுக்கு மேலே ஒரு படி தெர்மோபிளாஸ்டிக். இது மூட்டையில் வரும் தூள். இதில் கரைப்பானே கிடையாது. அடுப்புத் தாங்கியில் 180 முதல் 210 பாகை செல்சியஸ் வரை உருக்கி வீதியில் இழுப்பார்கள். ஆறியதும் இறுகிவிடும், சில நிமிடங்களில் பஸ்ஸே ஓடலாம்.

அமெரிக்க நியமமான ஆஷ்டோ எம் 249 வெள்ளை வகைக்கு விதிக்கும் கலவை இது: பிணைப்பு ரெசின் குறைந்தது 18 வீதம், கண்ணாடி மணி 30 முதல் 40 வீதம், டைட்டானியம் டயொக்சைட் குறைந்தது 10 வீதம், கற்தூள் கூடியது 42 வீதம். மணி உள்ளேயே கலந்திருப்பதால் மேற்பகுதி தேயத் தேய உள்ளிருந்து புது மணி வெளியே வரும். ஆனால் முதல் நாள் இரவிலிருந்தே தெரிய வேண்டுமானால் மேலேயும் மணி தூவ வேண்டும்.

தடிப்பு 1.5 முதல் 3 மில்லிமீற்றர் வரை. காய்ந்த பெயின்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு. 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 2 மில்லிமீற்றர் தடிப்புக் கோடு ஒரு கிலோமீற்றருக்கு 400 கிலோ அளவில் தூள் கேட்கும். ஆரம்பச் செலவு கூட, ஆயுளும் கூட. பஸ்ஸும் லொறியும் ஓயாமல் ஓடும் பிரதான வீதிக்கு இதுவே இலாபம். வாகனம் குறைந்த உள்வீதிக்கும் வளவுக்கும் நல்ல பெயின்ட் போதும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ரெசின் கருகி வெள்ளை பழுப்பாகும். ஈரமான வீதியில் ஊற்றினால் நீராவி கொப்புளமிட்டுப் பெயரும். தார் வீதியோடு சூட்டில் உருகி ஒன்றாகிவிடும், கொங்கிறீட்டில் பிரைமர் அடிக்காவிட்டால் தகடாகக் கழன்றுவிடும்.

மஞ்சளும் ஈயமும்

பாதசாரிக் கடவையை நம்மவர்கள் இன்றும் "மஞ்சள் கோடு" என்றே சொல்கிறோம். வெள்ளையாக மாறிய இடங்களிலும் பெயர் மாறவில்லை. அந்தப் பழைய மஞ்சள் உலகெங்கும் பெரும்பாலும் லெட் குரோமேற்று என்ற நிறப்பொருளிலிருந்தே வந்தது. பளிச்சென்ற நிறம், வெயிலில் மங்காது, விலையும் குறைவு. ஆனால் அதில் ஈயமும் குரோமியமும் இருக்கின்றன. கோடு தேயும்போது அது வீதித் தூசியாகிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது உறுதிப்பட்ட விடயம்.

நமது நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் விடுத்த பணிப்பு 2013 முதல் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு போட்டது. ஐரோப்பாவில் லெட் குரோமேற்று நிறப்பொருட்களை வீதிக் கோடு போன்ற தேவைகளுக்குப் பாவிக்க ஒரு கம்பனிக்கு வழங்கிய அனுமதியை, சுவீடன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2019 மார்ச்சில் இரத்துச் செய்தது. பதிலாக ஈயமில்லாத சேதன மஞ்சள் நிறப்பொருட்கள் தாராளமாக உண்டு. பாடசாலை வாசலில் மஞ்சள் அடிப்பவர்கள் "ஈயம் இல்லாதது" என்ற எழுத்து மூல உறுதியைக் கேட்டு வாங்குவது கடமை.

வேலைக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. டொலுயீன் ஆவி தலைச்சுற்றும் தலைவலியும் தருவது, விரைவில் தீப்பற்றக்கூடியது. உருகிய தெர்மோபிளாஸ்டிக் காலில் பட்டால் எலும்பு வரை சுடும். முகமூடியும் கையுறையும் சப்பாத்தும் விலைமனுவில் ஒரு வரியாகச் சேர வேண்டும்.

நல்ல பெயின்டும் பிழைக்கும் இடங்கள்

சாமான் நல்லதாக இருந்தும் கோடு நிலைக்காமல் போவதுண்டு. புழுதியைக் கூட்டாமல் அடித்தால் பெயின்ட் புழுதியோடுதான் ஒட்டும், வீதியோடு ஒட்டாது. புதிதாகக் காபட் போட்ட வீதியில் மேலே எண்ணெய்ப் பசை இருக்கும். அதில் அவசரப்பட்டுக் கரைப்பான் வகைப் பெயின்ட் அடித்தால் தார் கரைந்து மேலே வந்து வெள்ளையைக் கபில நிறமாக்கும். பழைய கோடு உரிந்துகொண்டிருக்கும்போது அதன் மேலேயே பூசினால் பழையதோடு புதியதும் சேர்ந்து உரியும்.

வழுக்கலும் கவனிக்க வேண்டியது. கடவையின் அகலப் பட்டைகள் மழுங்கிய பெயின்டாக இருந்தால் மழையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பிரேக் பிடிக்கும் இடத்திலேயே சறுக்கும். குவாட்ஸ் மணல் போன்ற சொரசொரப்பான பொருளை மணிகளோடு சேர்த்துத் தூவினால் இதைத் தவிர்க்கலாம்.

விலைமனுவில் எழுத வேண்டியவை

இப்போது விலைக்கு வருவோம். உதாரணத்துக்கு, ஒருவர் மீற்றர் 100 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறார், கோடு 6 மாதம் தெரிகிறது. மற்றவர் 160 ரூபா கேட்கிறார், 15 மாதம் தெரிகிறது. 30 மாதக் கணக்கில் முதலாமவருக்கு ஐந்து தடவை, 500 ரூபா. இரண்டாமவருக்கு இரண்டே தடவை, 320 ரூபா. மலிவென்று எடுத்தது ஒன்றரை மடங்குக்கும் மேல் செலவு வைத்திருக்கிறது. ஐந்து தடவையும் வீதியை மறித்த சிரமமும், கோடு அழிந்து கிடந்த நாட்களின் ஆபத்தும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஆனால் நம் வீட்டு வாசலில் ஓடும் பெரும்பாலான வீதிகள் மாகாண, மாநகர, நகர, பிரதேச சபைகளுக்குரியவை. உள்ளூராட்சி சபைகளில் நமது பிரதிநிதிகள் இருக்கின்றனர். "வெள்ளைப் பெயின்ட் அடித்தல், இத்தனை மீற்றர்" என்று மட்டும் எழுதிய விலைமனுவுக்குக் குறைந்த விலை போடுபவர் வெல்வார், நல்ல சாமான் வைத்திருப்பவர் தோற்பார். அதற்குப் பதிலாக ஐந்து வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள்: திண்மப் பொருளின் வீதம், ஈரத் தடிப்பு, லீற்றருக்கு எத்தனை கிராம் மணி, ஈயமில்லை என்ற உறுதி, கோடு இத்தனை மாதம் தெரிய வேண்டும் என்ற உத்தரவாதம். கடைசி வரிக்காகக் கொடுப்பனவில் ஒரு பங்கை நிறுத்தி வைக்கலாம்.

சோதிப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கோடு போடும் பாதையில் ஒரு சிறு தகரத் தகட்டை வைத்தால் அதன் மேலும் பெயின்ட் விழும். சீப்புப் போன்ற அளவுகோலால் அந்த ஈரப் பெயின்டின் தடிப்பை அங்கேயே அளக்கலாம். வாளியை நிறுத்துப் பார்க்கலாம். லீற்றர் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட இருக்க வேண்டிய சாமான் மிக இலேசாக இருந்தால் உள்ளே கரைப்பானே அதிகம். காய்ந்த பின் இரவில் டோர்ச் ஒன்றைக் கண்ணருகே பிடித்துச் சற்றுத் தூரத்தில் உள்ள கோட்டைப் பார்த்தால், மணி இருக்கும் இடம் மினுங்கும், இல்லாத இடம் இருண்டு கிடக்கும்.

நம்மில் ஹார்ட்வெயார் கடை நடத்துவோர் ஏராளம். அடுத்த முறை லீற்றர் விலை கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்வதற்கு முன், எந்த வீதி, தாரா கொங்கிறீட்டா, எவ்வளவு வாகனம், இரவில் ஆட்கள் கடக்கும் இடமா என்று நான்கு கேள்வி கேளுங்கள். பெயின்டோடு மணி மூட்டையையும் காட்டுங்கள். தின்னர் போத்தலை அவர் கேட்டால், எவ்வளவு சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள். அன்று வியாபாரம் ஒருவேளை அடுத்த கடைக்குப் போகலாம். மழைக்காலம் முடிந்து கோடு அழிந்ததும் அவர் திரும்பி வருவார். அப்போது அவருக்கு லீற்றர் விலையைத் தவிர வேறு கேள்விகளும் இருக்கும்.